பின் சீட்டில் படுத்துப் பார்ப்பவர்

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கக்கத்தில் இடுக்கியிருந்த தலையணையைக் காரின் பின் சீட்டில் ஒரு மூலையில் போட்டார். சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறி, முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“ம், எடுப்பா வண்டிய.”

சாவியோடு நின்றிருந்த விற்பனையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய கார் வாங்க வருகிறவர்கள் டயரை உதைப்பார்கள், ஹாரன் அடிப்பார்கள், பாட்டுப் போட்டுக் கேட்பார்கள். படுத்துப் பார்க்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது.

“முன்னாடி ஒக்காருங்கம்மா. பெரிய ஸ்கிரீன் இருக்குது. சன்ரூஃப் இருக்குது, தொறந்து காட்றேன், வானம் தெரியும்.”

“வானத்தப் பாக்கவா காரு வாங்க வந்தேன்? கடக்கரையில பொறந்தவளுக்கு வானம் காட்றான் பாரு. நீ எடு, ஜல்தி.”

“ஹைவேயில ஒரு ரவுண்டு போலாங்களா?”

“ஹைவேயில டிராக்டரு கூட சோக்காதான் போவும். குண்டும் குழியுமா இருக்கிற ரோட்டுல வுடு. எனக்காவ மெதுவா வுடாத. எப்பவும் போறாப்பல போ.”

வண்டி போனது. திண்டிவனத்தில் அந்தப் பழைய கார் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு வாடிக்கையாளன் நான். பதினான்கு வயதான என் டீசல் காரைத் தள்ளிவிட்டு, ‘பிரீமியம்’ என்று கண்ணாடியில் எழுதிய வண்டி ஒன்றை வாங்க அலைந்துகொண்டிருந்தேன். நான் பத்திரிகைகளில் எழுதுகிறவன். ஊரில் நடக்கிற அநியாயங்களைக் காரசாரமாக எழுதுவேன் என்று பெயர். அந்தப் பெயரின் லட்சணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கால் மணி நேரத்தில் கார் திரும்பி வந்தது. இறங்கியவர் தலையணையைத் தட்டி மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டார். “தூக்கித் தூக்கிப் போடுது. வேணாம்” என்றார். விலை எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

அவர் பெயர் காசியம்மாள். வயது ஐம்பத்து மூன்று. மரக்காணத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் மீன் ஏலம் விடுகிறவர். குள்ளமான ஆள். ஆனால் நாலு ஆள் உயரத்துக்குக் குரல் இருக்கிறது. மீன்பிடிப் போட்டு கரையேறி, கூடை மணலில் கவிழ்ந்ததும் அவர் குரல் எழும்பினால் புதுச்சேரியிலிருந்து வந்த வியாபாரிகூடக் கையில் இருக்கும் போனை அணைத்துவிட்டுக் கேட்கிறார். அந்தக் குரலை அவர் கார் கடைக்கும் அப்படியே கொண்டுவந்துவிடுவார். எதிரில் இரண்டடி தூரத்தில் நிற்பவரிடமும் அலைக்கு மேலே பேசுகிற மாதிரிதான் பேச்சு.

வீட்டுக்காரர் மாயவன் முப்பத்தைந்து வருடம் கடலுக்குப் போனவர். இரண்டு வருடமாக அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. செவ்வாயும் வெள்ளியும் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் படுத்து, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். குப்பத்திலிருந்து ஒரு வழிக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல்.

“ஆஸ்பத்திரில ஒரு கொறையும் இல்ல சார். நர்சம்மாங்கல்லாம் தங்கம். போவசொல்லோ கூட ஒண்ணும் தெரியல. திரும்பி வர்றதுதான் பேஜாரு. மிசின்லேர்ந்து எழுந்து வர்ற மனுசன் பிழிஞ்ச துணியாட்டம் கெடப்பாரு. ஊசி போட்ட கைய நெஞ்சுல வச்சிக்கினு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ‘ஆத்தா’ம்பாரு. ஸ்டீரிங்க புடிச்சிக்கினு நான் ரோட்டப் பாப்பனா, அவரப் பாப்பனா?”

ஆம், ஓட்டுவது அவர்தான். மீன் பெட்டி ஏற்ற என்று வாங்கிய, ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. கம்பெனிப் பெயர் வேண்டாம். பதினாறு வருடம் மீன் தண்ணீரும் உப்புக் காற்றும் பட்டால் எந்தக் கம்பெனி இரும்பும் இப்படித்தான் ஆகும். தரை அரித்துப்போய் ஓட்டை வழியாக ரோடு தெரிய, மேலே பலகை அடித்திருக்கிறார். பாரம் சுமக்கப் போட்ட இரும்புப் பட்டைகள், ஆள் மட்டும் ஏறினால் குதிக்கும். டீசல் புகை உள்ளே வரும். மாயவனுக்கு அந்த வாடையில் குமட்டும். இந்த வண்டிக்கு முதலில் டிரைவர் வைத்துப் பார்த்திருக்கிறார். “மீனு நாத்தம்னு மூணு பேரு ஓடிப்போய்ட்டான். மீனு மட்டும் துன்றானுங்க. போங்கடான்னு நானே கத்துக்கினேன்.” அப்போது அவருக்கு நாற்பத்து நாலு வயது.

தலையணைக்கும் படுத்துப் பார்ப்பதற்கும் காரணம் மாயவனின் அந்தப் பயணம்தான். “ஓட்றவளுக்கு முன் சீட்டுதான் சார் தெரியும். முன் சீட்டு எல்லா வண்டிலயும் நல்லாத்தான் இருக்குது. பின்னாடி இன்னா நடக்குதுன்னு படுத்தாதான் தெரியும்.” தலையணை மாயவனுடையது. அதே தலையணை, அதே பக்கம், அதே மாதிரி முழங்காலை மடக்கி. தலை இடிக்கிறதா, ஊசி போட்ட கை கதவில் படுகிறதா, பள்ளத்தில் முதுகுத்தண்டு வரைக்கும் ஏறுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். சொகுசுக் கார் அவருக்கு ஆடம்பரம் இல்லை. அதைப் புரிந்துகொள்கிற விற்பனையாளர் ஒருவர்கூட இந்த ஜில்லாவில் கிடையாது. வந்து நின்றதுமே, “வூட்டுக்காரர் வர்லியாம்மா? அவர கூட்டிக்கினு வந்தா பேசிடலாம்” என்பார்கள்.

“அவரு படுத்துக்கினு வர்றதுக்குத்தாண்டா வண்டியே கேக்குறேன். வந்து நின்னு பேசுற ஆளா இருந்தா பஸ்ஸுல வந்துட மாட்டாரு?”

கோபம் காசியம்மாளுக்கு ஒரு குணம் இல்லை, தொழில் மாதிரி. விடிந்ததும் ஐஸ் கட்டி கொண்டுவருகிறவனிடம் ஆரம்பிக்கும். ஐஸ் உருகிவிட்டது என்று. பிறகு டோல்கேட்டில், பிறகு ரோட்டில் பள்ளம் தோண்டிவிட்டு மண்ணை மட்டும் தள்ளி மூடியவர்கள்மேல், பிறகு உப்புக் குறைவாகச் சாப்பிடச் சொன்னால் கருவாட்டைக் கேட்கிற மாயவன்மேல். திட்டி முடித்த கையோடு அவருக்கே கஞ்சி கலக்கிக் கொடுப்பார். எதையும் உள்ளே வைத்துக்கொண்டு புழுங்குகிறவர் இல்லை. ஏலம் முடிந்தால் கரை காலியாவது மாதிரி, திட்டி முடித்தால் அவர் முகம் காலியாகிவிடும்.

அவர் கோபப்படாமல் சொன்ன விஷயம் ஒன்றே ஒன்றுதான். கார் வாங்குவதற்காக மாயவனின் பைபர் போட்டை, இன்ஜினோடு விற்றுவிட்டார். “கடலுக்குப் போற ஆளு இல்ல. அப்புறம் போட்டு இன்னாத்துக்கு, கரையில நின்னு அவர மொறச்சிக்கினு இருக்கவா?” மாயவன் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள், “வலைய மட்டும் வச்சிக்கறேன்” என்றாராம். வலை வீட்டில் இருக்கிறது. போட்டு வேறு ஒருவர் பெயரில் கடலுக்குப் போய் வருகிறது. அதைத் தினமும் ஏலத்தில் பார்க்க வேண்டியதும் காசியம்மாள்தான்.

திண்டிவனத்தில் மூன்று கடை, விழுப்புரம் போகிற வழியில் நாலைந்து கடை. நானும் அதே கடைகளில்தான் அலைந்தேன் என்பதால் இரண்டு மூன்று இடத்தில் சந்தித்துக்கொண்டோம். ஒருமுறை, “ஞாயித்துக்கெழம வா சார், நல்ல வஞ்சிரமா எடுத்துத் தர்றேன்” என்றார். போனேன். பெரிய மீனாகப் பார்த்து, செவுளைத் தூக்கி எனக்குக் காட்டி, “இதப் பாத்து வாங்கணும் சார், மேல மினுக்கறதப் பாத்து ஏமாறக் கூடாது” என்று சொல்லி, வியாபாரிக்குப் போன விலையைவிடக் குறைத்துக் கொடுத்தார். மறுக்காமல் வாங்கி வந்தேன். வீட்டில் இரண்டு நாள் குழம்பு.

காரையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். படுத்து எழுந்த பிறகு அடுத்த பரீட்சை உப்பு. டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, உபரி டயர் வைக்கும் குழிக்குள் கையை விடுவார். அடியில், இடுக்கில், தகடும் தகடும் சேருகிற இடத்தில் விரலால் துழாவி எடுத்து நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் அந்த வண்டி கடலோரத்து வண்டி, இரண்டே வருடத்தில் தரை போய்விடும். ஒரு கடையில் அவர் நாக்கில் வைத்துவிட்டு, “பாண்டி வண்டியா? பீச் ரோட்டு வூடு” என்றார். பேப்பரை எடுத்துப் பார்த்தார்கள். முகவரி அப்படியே இருந்தது. கடைக்காரர் வாயைப் பிளந்தார். எனக்கும் மலைப்பாக இருந்தது. அவர் வாழ்க்கையில் இரும்பைத் தின்றது, வலையைத் தின்றது, கால் விரல் இடுக்கைத் தின்றது எல்லாம் உப்புதான். அதனால் உப்பை மட்டும் தேடினார்.

இப்போது ஆனந்தராஜ் கடைக்கு வருகிறேன். வந்துதான் ஆக வேண்டும்.

விழுப்புரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரத்தில் முழுக்கக் கண்ணாடி போட்ட கடை. உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஆனந்தராஜ் நெற்றியில் சந்தனம் காயாமல் உட்கார்ந்திருப்பார். அங்கே இருக்கிற எல்லா வண்டியும் ஒரே ஓனர் வண்டி, எல்லா ஓனரும் டாக்டர், அதிலும் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்கு எடுக்கிற லேடி டாக்டர். தமிழ்நாட்டில் இத்தனை டாக்டர்களும் வைத்தியம் பார்க்கிறார்களா, கார் விற்றுக்கொண்டிருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சிரித்தேன். சிரித்ததோடு சரி.

அங்கே ஒரு வெள்ளைக் கார் நின்றது. பெரிய வண்டி, பால் நிறத்தில் தோல் சீட்டு. முதலில் அது எனக்குக் காட்டப்பட்ட வண்டி. திண்டிவனத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் கோபியை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். கோபி இன்ஜினைக்கூடத் திறக்கவில்லை. முன் சீட்டு பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தான். எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கிற கடைசி ஒரு சாணில், பெல்ட்டின் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு. வெளியே வந்ததும் என் காதோடு சொன்னான்.

“தண்ணி குடிச்ச வண்டி சார். எந்த ஊரு ஏரியோ, சீட்டு ஒசரத்துக்கு நின்னுருக்குது. கழுவி, தொவச்சி, சென்ட்டு அடிச்சி வச்சிருக்கானுங்க. ஒரு வருசமும் ஓடும், ஒரு மாசமும் ஓடும். ஒயரிங் என்னிக்கி நிக்கும்னு எவனாலயும் சொல்ல முடியாது. வுட்டுருங்க.”

விட்டுவிட்டேன். உள்ளே போய், “வீட்டில் கேட்டுச் சொல்றேன்” என்று ஆனந்தராஜிடம் சிரித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் சிரித்தார். சாம்பல் நிற வண்டி ஒன்றைக் காட்டி, எனக்காக என்று சொல்லி நல்ல தொகையைக் குறைத்தார். எதற்காகக் குறைக்கிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோபி அந்தச் சாம்பல் வண்டியைத் துருவிப் பார்த்து நல்ல வண்டி என்றான்.

பத்து நாள் கழித்து அந்தச் சாம்பல் வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது காசியம்மாள் உள்ளே வந்தார். கையில் தலையணை. நேராக அந்த வெள்ளைக் காரிடம் போய் நின்றார்.

எனக்குக் காபி வந்தது. பீங்கான் கோப்பை, தட்டில் இரண்டு பிஸ்கட். அவருக்கு நாற்காலிகூட வரவில்லை. தென்னரசு என்று ஒரு விற்பனையாளர், டை கட்டினவர், மேசைமேல் கிடந்த செய்தித்தாளை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார். பின்கதவைத் திறந்து, தாளைப் பிரித்து, பால் நிறச் சீட்டின் மேல் பரப்பினார்.

“இன்னாத்துக்கு இது?” என்றார் காசியம்மாள்.

“சீட்டு கெட்டுடும்மா, அதான்.”

காலையில் குளித்து, தலையில் பூ வைத்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கடையில் இருந்த ஐந்து பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அந்தக் குரல் இப்போது எழும்பும், கண்ணாடி அதிரும் என்று நான் காத்திருந்தேன். உள்ளுக்குள் ஆசையாகக்கூட இருந்தது. யாராவது ஒருவர் கத்தினால் நமக்கும் மனம் ஆறுமே. அவர் கத்தவில்லை. எட்டாவது கடை அது. மறுநாள் வெள்ளிக்கிழமை. தாளின்மேல் தலையணையைப் போட்டு, ஏறிப் படுத்தார். தாள் நொறுங்குகிற சத்தம் என் நாற்காலிவரை கேட்டது. நான் காபியைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

வண்டியை ரோட்டில் ஓட்டிவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்துத் தென்னரசு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். “தூங்கிட்டாங்க சார். குறட்டை வேற. எழுப்பறதுக்குள்ள போதும்னு ஆயிடுச்சி.” கடை முழுக்கச் சிரித்தது. காசியம்மாள் இறங்கி வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு, முழங்கையில் அச்சு மை. அவர் முகம் அவ்வளவு சாந்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டு வருடமாகத் தூங்காதவர் அந்தச் சீட்டில் தூங்கியிருக்கிறார் என்றால், மாயவனும் தூங்குவார். அவருக்கு வேறென்ன வேண்டும்?

டிக்கியைத் திறந்தார். டயர் குழியில் கையை விட்டார். நாக்கில் வைத்தார். ஒருமுறைக்கு இரண்டுமுறை.

“உப்பு இல்ல” என்றார்.

“உப்புக்கு இங்க எங்கம்மா போறது, விழுப்புரத்துல?” என்றார் ஆனந்தராஜ்.

அப்போதுதான் காசியம்மாள் என் பக்கம் திரும்பினார். “இன்னா சார், வாங்கலாமில்ல? நீ படிச்சவன், சொல்லு.”

அந்த நேரம் ஆனந்தராஜ் என்னைப் பார்த்த பார்வையில் மிரட்டல் ஒன்றும் இல்லை. ஒரு சிநேகிதனைப் பார்ப்பது மாதிரிதான் பார்த்தார். எனக்கு எதிரே என் சாம்பல் வண்டியின் பத்திரம், பாதிக் கையெழுத்தோடு.

“உங்களுக்குப் பிடிச்சிருந்தா சரிதாம்மா” என்றேன்.

இந்தப் பதிலை நான் பலமுறை எழுதி அடித்துப் பார்த்துவிட்டேன். பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாத பதில். இப்படிப் பேசுகிறவர்களைத்தான் இருபது வருடமாக நான் பத்திரிகையில் கிழித்துக்கொண்டிருக்கிறேன். காசியம்மாள் தலையாட்டினார். போட்டு விற்ற பணம் அன்றே அந்தக் கடைக்குப் போனது. வண்டிக்குச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி அனுப்பினார்கள். நானும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்தேன்.

ஐந்து வாரம் ஓடியிருக்கிறது. அந்த ஐந்து வாரமும் மாயவன் படுத்ததும் தூங்கிவிடுவாராம். திண்டிவனம் வந்ததுகூடத் தெரியாதாம்.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை முற்பகல், என் சாம்பல் வண்டிக்கு ஆயில் மாற்ற கோபி பட்டறைக்குப் போயிருந்தேன். வண்டியை லிஃப்டில் ஏற்றி ஆயிலை வடித்துக்கொண்டிருந்தான். பட்டறையின் இன்னொரு மூலையில் வெள்ளைக் கார். பின்பக்கக் கண்ணாடி ஒன்று இல்லை. உள்ளே விரிப்பெல்லாம் பிய்த்து எடுக்கப்பட்டு, தரைத் தகட்டில் களிமண் பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் காசியம்மாள் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் கட்டு. வாசலில் அவருடைய பழைய டீசல் வண்டி.

முந்தின வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது நடந்திருக்கிறது. மத்தியானம் இரண்டு மணி வெயிலில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், ஒரு சத்தம்கூடப் போடாமல் வண்டி செத்துவிட்டது. ஏசி நின்றது. கண்ணாடி இறங்கவில்லை. இவர் முன்கதவைத் திறந்து இறங்கிவிட்டார். பின்கதவுகளின் பூட்டு விழுந்தது விழுந்ததுதான், உள்ளேயும் திறக்கவில்லை, வெளியேயும் திறக்கவில்லை. முன்பக்கமாக ஏறி வர மாயவனுக்குத் தெம்பு இல்லை. ஊசி போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மூடிய கண்ணாடிக்குப் பின்னால் வாயை வாயைத் திறந்தாராம்.

“ரோட்டோரம் கல்லு கெடந்துச்சி. அவரு கால் பக்கத்து கண்ணாடில போட்டேன். ரெண்டாவது அடில ஒடஞ்சிது. கையி கிழிஞ்சது அப்பறந்தான் தெரியும். ஆளு வெந்துபோய்ட்டாரு சார். இன்னும் ரவ நேரம் ஆயிருந்தா...” சொல்லும்போது குரல் சாதாரண மனிதர்கள் பேசுகிற அளவில்தான் இருந்தது. இன்று மறுபடி பழைய டீசலில் போட்டு, ‘ஆத்தா ஆத்தா’ என்று கேட்டுக்கொண்டே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறார். மெஷின் ஓடுகிற நாலு மணி நேரத்தில், கார் என்ன ஆனது என்று கேட்க இங்கே வந்திருக்கிறார்.

கோபி பெல்ட்டை இழுத்துக் காட்டினான். பழுப்புக் கோடு. காசியம்மாள் அதை விரலால் தேய்த்து, பழக்கதோஷத்தில் நாக்கருகே கொண்டுபோய், பாதியில் நிறுத்தினார்.

“உப்பத்தான் பாத்தேன். நல்ல தண்ணி கூட வண்டிய கெடுக்கும்னு எனக்கு தோணவே இல்லியே.”

“ஏரித் தண்ணிம்மா. சேறும் சகதியுமா உள்ள பூந்துருக்குது” என்றான் கோபி. பிறகு, எந்த விஷமமும் இல்லாமல், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். “சார், இது அன்னிக்கி நீங்க வேணாம்னு வுட்டுட்டு வந்த வண்டிதான?”

காசியம்மாள் கோபியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

“எப்ப?”

“உங்களுக்குப் பத்து நாள் முன்னாடி” என்றேன்.

“அப்ப, நான் கேக்கசொல்லோ உனக்கு தெரியும்.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சிக்கினேதான் காபி குடிச்சிக்கினு இருந்தியா?”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஐஸ்காரனைத் திட்டுகிற மாதிரி, டோல்கேட்டில் கத்துகிற மாதிரி கத்தியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருப்பேன். கேட்டு முடித்ததும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் அந்த நிம்மதியை எனக்குத் தரவில்லை. பெல்ட்டை விட்டார். அது சரசரவென்று உள்ளே ஓடிச் சுருண்டுகொண்டது.

“கோபி, இந்த மண்ணு, இந்த பெல்ட்டு எல்லாத்தயும் போட்டோ புடிச்சி எனக்கு அனுப்பு. கார இப்பிடியே வையி, தொடாத.” பிறகு என்னிடம், “மிசின் நிக்கறதுக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்குது. அதுக்குள்ள அந்த ஆனந்தராஜ பாத்துட்டு நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும். நீ வா சார். அன்னிக்கி சொல்லாதத இன்னிக்கி வந்து அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லு. அங்க காபி குடுப்பான். குடிச்சிக்கினே சொல்லு.”

என் சாம்பல் வண்டியின் ஆர்.சி. புத்தகம் இன்னும் பெயர் மாறி வரவில்லை. அது ஆனந்தராஜ் மேசை இழுப்பறையில் இருந்தது. அந்த நேரத்திலும் என் புத்தி முதலில் அங்கேதான் போனது என்பதை எழுதிவிடுகிறேன், இருக்கட்டும். “வர்றேம்மா” என்றேன். என் வண்டி ஆயில் வடிந்து லிஃப்டில் நின்றது. “பழைய வண்டியிலேயே போயிடலாம்” என்று அவர் பின்னால் நடந்தேன்.

பதினாறு வருடத்து மீன் வாடை கதவைத் திறக்கும் முன்பே வந்தது. பின் சீட்டில் மாயவனின் தலையணை, நடுவில் தலையின் பள்ளத்தோடு அப்படியே கிடந்தது. முன் சீட்டின் ரெக்சின் கிழிந்து, பஞ்சு கறுத்து, மீன் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. நான் ஏறக் காலைத் தூக்கினேன்.

“இரு சார்.”

மீன் மடிக்க வைத்திருக்கும் பழைய செய்தித்தாள் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். கட்டுப் போட்ட கையால் ஒரு நுனியைப் பிடித்துப் பிரித்து, அந்தக் கிழிந்த சீட்டின்மேல் போட்டு, நாலு மூலையையும் நிதானமாக நீவிவிட்டார்.

“சீட்டு கெட்டுடும் சார், அதான்” என்றார். கதவை எனக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.